கன்னம் பதியும் இடம்

வெரிபீ புறநகரில் அவர்கள் வீட்டின் கராஜ் கதவு பாதி திறந்திருக்கிறது. மாலை வெயில் முழங்கால் உயரத்துக்கு உள்ளே வந்து நிற்கிறது. காலையில் கணவன் பிரதீப்குமார் பயிற்சித் திடலில் சுட்டுவிட்டுக் கொண்டுவந்த காலித் தோட்டாக்களில் ஒன்றை யாமினி எடுத்து, அதன் அடிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டுகிறாள். நடுவிலிருக்கும் சிறு வட்டத்தின் விளிம்பு எப்போதும் லேசாக உருண்டிருக்கும். இன்று நசுங்கித் தட்டையாக இருக்கிறது. சுட்டபோது உள்ளே அழுத்தம் எல்லையைத் தொட்டிருக்கிறது; இன்னும் கொஞ்சம் கூடினால் துப்பாக்கியே வெடிக்கலாம். மேசையில், நாளைய போட்டிக்காக, கூட்டிய அதே அளவு வெடிமருந்து போட்டு அவன் அடைத்த தோட்டாக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

"புத்தகத்துல போட்ட அளவைத் தாண்டலயே, யாமி."

"புத்தகக்காரன் சுட்டது அவன் துப்பாக்கில. போல்ட்டைத் தூக்கவே இறுக்கமா இருந்துச்சுன்னு வந்ததும் யாரு சொன்னா?"

"குண்டு வேகம் நல்லா வந்துச்சுப்பா."

"எனக்கு இந்த மூஞ்சி வேணும். சுமாரான மூஞ்சிதான். ஆனா பழகிடுச்சு."

அவனுடைய வலது கன்னத்தில் துப்பாக்கிக் கட்டை பதிந்த சிவப்பு இன்னும் மறையவில்லை. சுடும்போது அந்த இடத்துக்கும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. யாமினி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவன் பெருமூச்சு விட்டு, தோட்டாவைப் பிரிக்கும் பிளாஸ்டிக் சுத்தியலை எடுக்கிறான். பெட்டியிலிருந்து முதல் தோட்டாவை எடுத்துச் சுத்தியலின் தலைக்குள் பொருத்தி மரக்கட்டையில் தட்டுகிறான். குண்டு கழன்று விழுகிறது.

"பழைய அளவுல சுட்டா கடைசியாத்தான் வருவேன்."

"கடைசியாவே வா," என்று யாமினி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மருந்தைக் கொட்டக் கிண்ணத்தை நீட்டுகிறாள். "முழுசா வா."