நண்பரின் தூக்கம்

“உங்க நண்பருக்கு இப்ப எப்படி இருக்கு?”

மூலிகைக் கடைக்காரருக்கு மெதுவாகப் பேச வராது. அவர் கேட்டது எதிர்ச்சாரிச் செருப்புக் கடை வரைக்கும் போயிருக்கும். பொடி வாங்க வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் திரும்பிப் பார்த்துக்கொண்டார். நல்லவேளை, கடையில் வேறு ஆள் இல்லை.

“கொஞ்சம் மெதுவாண்ணே. அவர் அப்படியேதான் இருக்கார்.”

“குவாரானா கொடுத்துமா?” கடைக்காரருக்கு நம்ப முடியவில்லை. “காப்பிக்கொட்டையைவிட வீரியமான விதை அது! நான் முதல்லயே சொன்னேன், இது ஆசையை உண்டாக்குற மருந்து இல்ல. தூக்கத்தை விரட்டும், அவ்வளவுதான். முழிச்சிருந்தா மத்ததெல்லாம் அவங்கவங்க சாமர்த்தியம்.”

“அந்த முழிப்புதாண்ணே வர மாட்டேங்குது.”

அதைச் சொல்வதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. மகள் படிப்புக்காக விடுதிக்குப் போனபோது, இனி வீட்டில் நாம் இரண்டு பேர் மட்டும்தான் என்று மனிதர் புதுச் சட்டையெல்லாம் எடுத்தார். என்ன பிரயோசனம்? சாப்பிட்டுப் பாலைக் குடித்தால் போதும், அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். ஊரில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவருக்குத் தன் கண்ணிமை இரண்டைத் தூக்கி நிறுத்தத் தெரியவில்லை. காலையில் மனைவி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டுத் திட்டினாலாவது தேவலை. ‘இந்த ஆள் இனி அவ்வளவுதான்’ என்று அவள் முடிவு கட்டிவிட்டாளோ என்ற பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

“நான் சொன்னபடி நண்பர் உடம்பை அலட்டிக்காம இருக்காரா? சக்தியைச் சேமிக்கணும்.”

“அதுல குறையே இல்லண்ணே. வீட்டுக்கு வந்தா ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போடறதில்ல. கால்மேல கால் போட்டு உக்காந்து சேமிச்சுக்கிட்டே இருக்கார்.”

“சாப்பிட்ட தட்டு?”

“வச்ச இடத்துலயே இருக்கும்.”

“அப்படித்தான் இருக்கணும். பொடி எவ்வளவு போடறார்?”

“அளவைக் கூட்டினதுல கொஞ்சம் பலன் தெரிஞ்சுது. நேத்து நல்லாவே முழிச்சிருந்தார். ஆனா அவர் வீட்டுக்காரம்மா பாத்திரத்தைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள போயிட்டார்.”

“போயிட்டாரா!”

“தூங்கப் போயிட்டார்.”

கடைக்காரர் மூச்சு விட்டார். “இதுக்கு மேல கூட்டினா நெஞ்சு படபடக்கும், சொல்லிட்டேன். அப்புறம் என்கிட்ட வரக் கூடாது.”

அப்போது வாசல் பக்கம் ‘சரக், சரக்’ என்று ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. வார் அறுந்து ஊக்குப் போட்ட செருப்பு. அந்த ஊக்கைப் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். கட்டிய மனைவி! இந்தக் கடையில் வைத்து மாட்டினால் மானம் கப்பலேறிவிடும்.

“அண்ணே, வேண்டியவங்க வராங்க. நான் இங்க இல்ல.”

சொல்லிவிட்டு, சீயக்காய் மூட்டைக்குப் பின்னால் போய்க் குந்தினார். மூக்கில் நெடி ஏறியது. தும்மலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“வாம்மா. வழக்கமானதுதானே?”

வழக்கமானதா? மூட்டைக்குப் பின்னால் தும்மல் தானாக நின்றது.

“ஆமாண்ணே. இந்தத் தடவை கொஞ்சம் கூடவே கட்டுங்க. என் தோழி வீட்டுக்காரருக்கு இப்ப அந்தப் பொடி சரியாப் பிடிக்கறதில்ல. முன்னெல்லாம் பால் கிளாஸைக் கீழ வைக்கிறதுக்குள்ள குறட்டை வந்துடும். நேத்துப் பார்த்தா கண்ணை உருட்டிக்கிட்டு உக்காந்திருக்கார்.”

“ஜாதிக்காயைக் கண்டபடி கொடுக்கக் கூடாதும்மா. தூக்கம் வராம இருக்க அந்த மனுஷனுக்கு அப்படி என்னதான் வியாதி?”

“அவருக்கு ஒரு வியாதியும் இல்லண்ணே.” அவள் குரல் இறங்கியது. “அவளுக்குத்தான் முடியல. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல நாள் முழுக்க நின்னுக்கிட்டே இஸ்திரி போடறா. வீட்டுக்கு வந்தா சமையல், துணி, பாத்திரம். முன்னெல்லாம் அவர் தண்ணியாவது பிடிச்சு வைப்பார். இப்ப என்ன வந்துச்சோ, ராஜா மாதிரி கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கார். படுக்க வரும்போது அவளுக்கு இடுப்பு கழண்டு போகுது. ஆசை இல்லாம இல்லண்ணே, உடம்புல தெம்பில்ல. வேண்டாம்னு சொன்னா பாவம், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்குவார். அதான் அவருக்குத் தெரியாம பால்ல ஒரு சிட்டிகை...”

“அந்த ஒரு சிட்டிகைக்கு மேல நான் தர மாட்டேம்மா” என்றார் கடைக்காரர். பழைய அளவிலேயே கட்டிக் கொடுத்தார். ‘சரக், சரக்’ என்று செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போனது.

லிஃப்ட் மெக்கானிக் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு நன்றாக விழிப்பு வந்திருந்தது.

“உங்க நண்பருக்கு ஒரு பொட்டலம் கட்டட்டுமா?”

“பொடி வேண்டாம்ணே.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “பாத்திரம் தேய்க்கிற நார் இந்தப் பக்கம் எங்க கிடைக்கும்?”

“அதுவும் நண்பருக்கா?”

“இல்லண்ணே, எனக்குத்தான்.”