பிணக் காட்சிக்குப் பின்

கோடம்பாக்கத்தில் பழைய ஸ்டுடியோ இருந்த இடம் இப்போது பூங்கா. பின்பக்கம் சின்னக் காடு. எந்த மரத்தடியில் நிற்கிறோமோ, அங்கே முன்பு எடுத்த காட்சியை, பழைய ஃபிலிமிலிருந்து ஒரு மெஷின் நம் கண்ணெதிரே நடத்திக் காட்டும். நான் அங்கே வழிகாட்டி.

தாட்சாயணி தன் அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். அம்மா துணை நடிகை. இவரைப் பெற்றதும் இறந்துவிட்டார். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. நடித்தது ஒரே படம், அதிலும் பிணமாக.

வேப்பமரத்தடியில் பாடை தோன்றியது. குனிந்து பார்த்த தாட்சாயணி அலறினார். மாலைக்குள் தெரிந்தது அவருடைய முகமே, காதோர நரை உட்பட.

"ஐயோ, இது நான் சார்! நான் செத்துக் கெடக்கேன்!"

"பயப்படாதீங்கம்மா. தியேட்டர்ல ஓடி ஓடி ஃபிலிம் கீறிப்போச்சு. முகம் அழிஞ்ச எடத்துல, பக்கத்துல நிக்கிறவங்க முகத்தை மெஷினே எடுத்து ஒட்டிடும்."

"அப்ப எங்கம்மா மூஞ்சி? இதுக்கா வந்தேன்? நிறுத்துங்க சார்!"

"கொஞ்சம் பொறுங்க. பொணமா நடிச்சவங்களை அப்படியே எழுப்பி அனுப்ப மாட்டாங்க. திருஷ்டி கழிய, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவெச்சு ஒரு ஷாட் எடுப்பாங்க. அந்தத் துண்டு எந்தத் தியேட்டர்லயும் ஓடல, பெட்டியிலயே கெடந்துச்சு. கீறலே இருக்காது."

பாடையில் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். மாலையை விலக்கினாள். முன்பல் சற்றே தூக்கிய ஓர் இளம்பெண், எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

தாட்சாயணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சார்... எம் பொண்ணைவிடச் சின்னப் பொண்ணா இருக்காங்க சார்."