சொதிக்கு யார் பொறுப்பு

திருநெல்வேலி குடும்ப நீதிமன்றத்தில் சிவசைலம் விறைப்பாக நின்றான்.

"பிரிஞ்சு போனவ எனக்கு என்ன செய்யுதா, அய்யா? நான் எதுக்கு ஜீவனாம்சம் கொடுக்கணும்?"

நீதிபதி கேட்டார். "நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"தேங்காப்பால் சொதி. சமையல் மெஷின் வச்சுது."

"யாரு கைப்பக்குவம்?"

அவன் எதிரே நின்ற மனைவி வடிவை ஓரக்கண்ணால் பார்த்தான். குடித்தனம் நடத்திய காலமெல்லாம் அவள் சமைப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த மெஷின் கற்றிருந்தது.

"அப்ப அவங்க இன்னும் உங்க வீட்டுலதான் சமைக்காங்க. ஜீவனாம்சம் கொடுங்க. இல்லன்னா அவங்க கைப்பக்குவத்தை மெஷின்லேருந்து இப்பவே அழிச்சிருவோம்."

"அழிங்க அய்யா!" என்றான் வீறாப்பாக.

குமாஸ்தா, மெஷினோடு இணைத்திருந்த கணினியில், அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தார்.

"நிறுத்துங்க!"

பின்வரிசையிலிருந்து அலறியது சிவசைலத்தின் அம்மா. மருமகள் வைத்த சொதியை ஒருநாள்கூட நல்லா இருக்கு என்று சொல்லாதவள். உப்பில்லை, உறைப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டே காலத்தை ஓட்டியவள்.

"ஏலே, அவ கேக்கத கொடுத்துத் தொலலே! நாளைக்கு நான் எதத் திங்க?"

வடிவு மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப உப்பு சரியாத்தான் இருந்துச்சா, அத்தை?"