இன்னும் ஒரு வருஷம்

நாற்பத்திரண்டு கையெழுத்துகள் இருந்த தாளைத் தையல்கடைக்காரி மேஜைமேல் விரித்து, காற்றில் பறக்காதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடையைப் போட்டது போட்டபடி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"நாளைக்கு அவன் தெருவுக்குள்ள கால் வைக்கக் கூடாது சார். இன்னும் ஒரு வருஷம் தடையை நீட்டச் சொல்லி கோர்ட்டுக்கு எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கடைத்தெருவில் பூட்டு உடைத்துப் பிடிபட்ட ஒருவனை, ஓராண்டுக்கு அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று கோர்ட் விலக்கி வைத்திருந்தது. அந்த ஓராண்டு இன்றோடு முடிகிறது.

"தடை போட்டு என்னம்மா ஆச்சு?" அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "அவன் இருந்தப்ப வருஷத்துக்கு ஒன்பது திருட்டு. அவன் இல்லாத இந்த வருஷமும் அதே ஒன்பது. ஒண்ணுகூடக் குறையல."

"அதுக்கு?"

"எல்லாத்தையும் அவன் ஒருத்தனே பண்ணலைன்னு அர்த்தம். தெருவுல எது காணாமப் போனாலும் பாவம், அவன் தலையில கட்டியிருக்கீங்க."

"பாவமா?" அவள் குரல் எகிறியது. "எங்கிட்டயா சொல்றீங்க? அவன் முதமுதல்ல கை வச்சதே என் தையல் மிஷின்லதான். மோட்டாரைக் கழட்டிக் கொண்டுபோய் வித்துட்டான். அன்னையிலேர்ந்து காலால மிதிச்சுத்தான் தைக்கிறேன். முட்டி தேஞ்சு போச்சு."

அவர் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "இப்ப வெல்டிங் பட்டறையில ஒழுங்கா வேலை பாக்கறான். முதலாளியே எழுதிக் குடுத்திருக்கார். பதினோரு மாசமா அவன்மேல ஒரு புகார் இல்லை. வீட்டுக்கு வரணும், அம்மாகூட இருக்கணும்னு கேக்கறான்."

"ஒண்ணும் வேண்டாம். அங்கேயே கிடக்கட்டும்."

"இந்தக் கையெழுத்தெல்லாம் யார் வாங்கினது?"

"நான்தான். கடை கடையா ஏறி இறங்கினேன். பழக்கடைக்காரர் ஒருத்தர்தான், உனக்கு எப்படிம்மா மனசு வருதுன்னு கேட்டார். அவர் வாயையும் அடைச்சுட்டுத்தான் வாங்கிட்டு வந்தேன்."

இன்ஸ்பெக்டருக்கும் கோபம் வந்தது. கடிதத்தை மேஜைமேல் அடித்து வைத்தார்.

"அவர் கேட்டதுல என்ன தப்பு? ஒருத்தன் திருந்தி வர்றான். ஊரே கூடி அவன் மூஞ்சியில கதவைச் சாத்தறீங்க. அவனைப் பெத்தவ வயிறு என்ன பாடுபடும்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தீங்களா?"

அவள் நாடாவைக் கழுத்திலிருந்து உருவி விரல்களில் இறுக்கிச் சுற்றினாள். பேசியபோது குரல் தணிந்திருந்தது, கோபம் தணியவில்லை.

"இந்த வருஷம் ஒன்பது திருட்டுன்னீங்களே, அதைப் பண்ணினவனுங்களை நீங்க பிடிச்சீங்களா சார்? ஒருத்தனையும் பிடிக்கல. எல்லாரும் அந்தத் தெருவுலயேதான் சுத்திக்கிட்டு இருக்கானுங்க. இவனை இழுத்துட்டுப் போனது அவனுங்கதான். பூட்டு உடைக்கக் கத்துக் குடுத்ததும் அவனுங்கதான். இவன் மாட்டிக்கிட்டான், அவனுங்க நழுவிட்டானுங்க. இப்ப தினமும் என் கடை வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, எப்ப வர்றான், எப்ப வர்றான்னு கேக்கறானுங்க."

இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"தெருவுல அத்தனை கடை இருக்கு. உங்க கடைக்கு வந்து எதுக்கும்மா கேக்கறாங்க?"

"பெத்தவகிட்டதான சார் கேப்பாங்க."