பாஸ்வேர்டு கேட்டு நின்ற கம்ப்யூட்டர்

"இது வீடா, கம்ப்யூட்டர் சென்டரா?"

அக்கா கரண்ட் பில்லைத் தம்பியின் கீபோர்டு மேலேயே வைத்தாள்.

தம்பி நிமிரவில்லை. திரையில் ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்துப் பருவை அழித்துக்கொண்டிருந்தான்.

"உன்கிட்டதான் கேக்கறேன். பகல் முழுக்க வேலைன்னு ஓட்டறே, சரி. விடியக்காலையில ஏன்டா ஓடுது? ஆறு மணிக்கு எழுந்து வந்தா ஹெலிகாப்டர் மாதிரி சத்தம். நீ குறட்டை விட்டுத் தூங்கறே."

"அணைக்க மறந்திருப்பேன்க்கா."

"தினமுமா?"

"தினமும்தான் மறக்கறேன்."

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து தன் காக்கிச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். முதல் பஸ்ஸை எடுக்கும் டிரைவர். காலை நாலரைக்குக் கிளம்பிவிடுவார். டிப்போவில் அவருக்குப் பெயர் 'சுவிட்ச்'. ஆள் உள்ளே இருக்கும்போதே பாத்ரூம் லைட்டை அணைக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

"அப்பா, நீங்களாவது கேளுங்க."

"சின்னப் பையன். விடும்மா" என்றார் அப்பா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அக்காவால் விட முடியவில்லை. லேபில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வேலை நிரந்தரமாகும்வரை லீவு கிடையாது. கரண்ட் பில்லை இனி நான் கட்டுகிறேன் என்று வாய் விட்டவளும் அவள்தான். பில்லை மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டாள். தப்பே வரவில்லை.

பத்து நாளாக விடாத மழை வேறு. பஸ் ஸ்டாப்பிலிருந்து லேபுக்கு நடப்பதற்குள் ஷூ குளமாகிவிடும். இருப்பது ஒரே ஜோடி. நல்லவேளை, தள்ளுபடியில் வாங்கினாலும் தரமான ஷூ. சாயங்காலம் சொட்டச் சொட்டக் கழற்றிப் போட்டாலும் காலையில் காய்ந்திருக்கும். லேபில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

"கேட்டுக்கோ. இது நான் காலேஜ் படிக்கறப்ப எனக்கு வாங்கினது. நாளைக்குக் காலையில நான் எழுந்து வரும்போது ஓடிட்டிருந்துச்சுன்னா, மாமா வீட்டுக்குக் கொடுத்துடுவேன்."

தம்பியின் கை மவுஸிலேயே நின்றது.

"மாசக் கடைசிக்குள்ள ஸ்டூடியோவுக்கு இருநூறு போட்டோ கொடுக்கணும்க்கா. இது போனா அந்த வேலையும் போயிடும்."

"அப்ப அணைச்சிட்டுத் தூங்கு."

படுக்கப் போகுமுன் அவள் கண்ணெதிரேயே அணைத்தான். அவளும் கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

இருந்தும் மனசு கேட்கவில்லை. நாலு மணிக்கே அலாரம் வைத்து எழுந்தாள்.

ஹெலிகாப்டர் பறந்துகொண்டிருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். தம்பி போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். திரையில் அவன் போட்டோ எதுவும் இல்லை. பாஸ்வேர்டு கேட்டு அப்படியே நின்றது.

பாஸ்வேர்டு தெரியாதவர் யாரோ போட்டிருக்கிறார்கள்.

மேசைக்குப் பின்னால் சின்னதாக ஒரு வெளிச்சம் அசைந்தது. பதறிப்போய் லைட் சுவிட்சைத் தேடினாள்.

"லைட்டைப் போடாதே. வீண் செலவு."

அப்பா! காக்கிச் சட்டையோடு, செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியின் பின்பக்கம் வெந்நீர் ஆவி மாதிரி கதகதப்பாகக் காற்று வந்துகொண்டிருந்தது. அதற்கு வாயைக் காட்டியபடி, பழைய பேப்பர் மேல் அவளுடைய ஷூ.

"இன்னிக்கு மூணு மணிக்கே போட்டுட்டேன்மா. கிளம்பறப்ப நானே அணைச்சிடறேன். பெட்டியைக் கொடுத்துடாதே."

அவள் குனிந்து ஷூவைப் பார்த்தாள்.

"ஈர ஷூவோட நாள் பூரா நின்னா காய்ச்சல் வரும். அடுப்புகிட்ட வெச்சா தோல் சுருங்கிடும். இந்தக் காத்துதான் பதமா இருக்கு." ஒரு ஷூவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "நுனியில மட்டும் கொஞ்சம் ஈரம்."

"தம்பிக்குத் தெரியுமா?"

"முதல் நாளே பிடிச்சிட்டான். நான் கிளம்பினப்புறம், நீ எழுந்திரிக்கறதுக்குள்ள ஷூவை இடத்துல வெக்கறதும் அவன்தான்; தூக்கக் கலக்கத்துல பெட்டியை அணைக்கத்தான் மறந்துடறான். உன்கிட்ட சொல்லிடறேன்னுதான் சொன்னேன். அவன்தான் விடல. 'தெரிஞ்சா அக்கா பில்லுக்குப் பயந்து ஈர ஷூவையே மாட்டிட்டுப் போயிடுவா. திட்டுதானே, நான் வாங்கிக்கறேன்'னான்."

போர்வைக்குள் குறட்டை சட்டென்று நின்றது.

பிறகு, முன்னைவிடப் பலமாக ஆரம்பித்தது.