ழ இல்லாத பாஸ்வேர்டு

ஷிப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி அவன் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பின்னால் நின்றாள். தள்ளி நிற்க அந்த அறையில் இடமில்லை. இருந்தும் தள்ளித்தான் நின்றாள்.

பாஸ்வேர்டு உங்களுக்கேவா மறந்துபோச்சு என்று காலையில் போனில் கேட்டிருந்தாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

பச்சைப் பொய்.

அந்தக் கணினியை வாங்கி லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனே அவன்தான். அட்மின் கணக்கு அவன் பெயரில். அவளுக்குத் தனிக் கணக்கு. அதில் எழுதலாம், படிக்கலாம், படம் பார்க்கலாம். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்.

இப்போது புது பிரிண்டரைச் சேர்க்க வேண்டும். நாளைக்கு ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ்த் தேர்வு. வினாத்தாள் உள்ளேயே மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

போனில் ஒரு சொல் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அந்த ஒரு சொல்தான் வாயில் வரவில்லை.

அவள் பெயர் யாழ்மொழி. தஞ்சாவூர்ப் பக்கம், தமிழாசிரியை. அவன் மதுரைக்காரன், நாக்கில் ழ நிற்காது. பெண் பார்க்கப் போன அன்றே யாள்மொளி என்று கூப்பிட்டு வைத்தான். அவளுடைய அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு அது சுருங்கி யாளி ஆனது.

"யாளின்னா கோயில் தூண்ல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற மிருகம்ங்க" என்று முதலில் சண்டைக்கு வந்தாள். போகப் போக, அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தாள்.

பாஸ்வேர்டு அதுதான். அவன் வாயில் எப்படி வருமோ அப்படியே, ஆங்கில எழுத்தில், ள-வுக்கு எல் போட்டு.

அவன் வேறு வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது. இருவரும் சேர்ந்துதான் விவாகரத்துக்கு மனுப் போட்டார்கள். யோசித்துப் பாருங்கள் என்று கோர்ட் ஆறு மாதம் கொடுத்தது. வருகிற வியாழக்கிழமை போய், யோசித்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும்.

இந்த நேரத்தில் போனில் யாளி என்று சொன்னால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும்.

கெஞ்ச ஆசைதான். ஆனால் இத்தனை நாள் விறைப்பாக இருந்துவிட்டு, பிரிண்டரைச் சாக்கு வைத்தா கெஞ்சுவது?

அதனால் மறந்துபோனான். நேரில் வந்து, மறந்தவன் செய்கிற அத்தனையையும் ஒழுங்காகச் செய்தான்.

கறுப்புத் திரை வந்தது. பழுது பார்க்கும் பகுதிக்குள் நுழைந்தான். அங்கே பழைய பாஸ்வேர்டை யாரும் கேட்க மாட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவன்தான் வீட்டுக்காரன் என்று அது நம்பிவிடும்.

"இப்போதைக்கு ஏதாவது ஒண்ணு போடுறேன். அப்பறம் மாத்திக்கிறலாம்."

நீ என்று சொல்ல வாய் வரவில்லை. நீங்க என்று சொன்னால் இருவருக்குமே சிரிப்பு வந்துவிடும். இரண்டும் இல்லாமல் பேசினான்.

ம் என்றாள்.

புது பாஸ்வேர்டைத் தட்டினான். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. அங்கே அப்படித்தான். இன்னொரு முறை கேட்டது. தட்டினான்.

மாற்றியாயிற்று என்றது.

அந்தப் பெயர் மிச்சமிருந்த ஒரே இடம் அது. தன் கையாலேயே அழித்துவிட்டான்.

கணினி அணைந்து எழுந்தது. புது பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போனான்.

நடுத்திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது.

இங்கே சேமித்து வைத்திருக்கும் ரகசியங்கள் இன்னும் பழைய பாஸ்வேர்டில்தான் பூட்டியிருக்கின்றன, திறக்க அதைக் கொடுங்கள் என்றது.

இதை மட்டும் அவன் உண்மையாகவே மறந்திருந்தான்.

"இது தேவையில்ல. பிரிண்டருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

மவுஸைக் கேன்சலுக்கு நகர்த்தினான்.

"கொஞ்சம் தள்ளுங்க."

அவள் குனிந்து கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

யாராவது பாஸ்வேர்டு தட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வது அவனுடைய தொழில் பழக்கம். திருப்பிக்கொண்டான். முகத்தைத் திருப்பித் திருப்பித்தான் இருவரும் கோர்ட் வரை போனார்கள். மரியாதைக்காகத் திருப்பியது இதுதான் முதல் தடவை.

தட்டும் சத்தம் கேட்டது. எங்கும் தயங்கவில்லை.

அவன் திரும்பியபோது பெட்டி இல்லை. திறந்திருந்தது.

அப்படியானால் பிரிண்டர் வந்த அன்றே அவளால் அட்மினுக்குள் போயிருக்க முடியும். போன் போட்டிருக்கவே வேண்டாம். 

பிறகு ஏன் கூப்பிட்டாள் என்று கேட்டால் அவளும் ஒரு பொய் சொல்ல வேண்டிவரும்.

பிரிண்டரைச் சேர்த்தான். வினாத்தாள் பக்கம் பக்கமாக வெளியே வந்தது. அவள் எடுத்து அடுக்கினாள். இனி அவனுக்கு அங்கே வேலை இல்லை. எழுந்திருக்க மனமும் இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"தற்காலிகமாத்தான் ஒண்ணு போட்டிருக்கேன். மாத்தணும். பழசையே வச்சுரவா?"

அவள் தாள்களை மேசையில் தட்டி விளிம்பைச் சரிசெய்தாள். சரியான பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வைங்க. ஆனா இந்தத் தடவ ழ போட்டு வைங்க."

பதினைந்து வருடமாகக் கணினியில் பிழைக்கிறவன். ழ-வுக்கு வேண்டிய இசட் கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று அவனுக்குச் சட்டென்று தெரியவில்லை.