ஒரு விரல் உயரம்

பழைய வேன் ஒன்றில் இருந்த ஆயில் அளக்கும் கம்பிக்குத் தன் சொல்மேல் அபார நம்பிக்கை. டிரைவர் உருவிப் பார்க்கும்போதெல்லாம் அதன் நுனியில் மட்டுமே ஆயில் ஒட்டியிருக்கும். அவரும் குறைகிறதென்று ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சுத் தீர்த்துடுறியே, வெட்கமா இல்லை?" என்று பேட்டரியின் காதுபடக் கம்பி எஞ்சினைத் திட்டும்.

"நான் குடிக்கலைண்ணே. மூச்சு முட்டுது," என்று எஞ்சின் புகை கக்கும்.

"பாரு, வாயெல்லாம் புகை!" என்று கம்பி காட்ட, பேட்டரி சிரிக்கும்.

ஒருநாள் மெக்கானிக் ஞானமுத்து, கம்பி செருகியிருந்த குழாயை ஆட்டிப் பார்த்தார். "போல்ட் கழண்டு, குழாய் ஒரு விரல் மேலே ஏறி நிக்குது. கம்பி குறைச்சுத்தானே காட்டும்?" என்று சொல்லி, குழாயைத் தட்டி இறக்கி, புதுப் போல்ட் போட்டு முடுக்கினார். பிறகு கம்பியைச் செருகி உருவினார். கம்பியில் இருந்த மேல் அளவுக்கோட்டையும் தாண்டி வழவழவென்று ஆயில்.

கூடுதல் ஆயிலை அவர் வடித்ததும் எஞ்சின் நிம்மதியாக மூச்சுவிட்டது.

துணியால் துடைத்தவர் தன்னை அப்படியே தூர வீசிவிட மாட்டாரா என்றிருந்தது கம்பிக்கு. அவரோ மறுபடி எஞ்சினுக்குள்ளேயே செருகினார்.

"இப்ப சரியா இருக்காண்ணே?" என்று கேட்டது எஞ்சின், அதே பழைய மரியாதையோடு.